தொலைமருத்துவமா, தொலைச் சுகாதாரமா?

"தொலைச் சுகாதாரச் சேவைகளுக்கான நோயாளர் அணுகலை விரிவாக்கும் சட்டம்." அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்குவோர் இப்படித்தான் எழுதி வருகிறார்கள். வைத்தியர் தூரத்திலிருந்து தொலைபேசியிலோ காணொளியிலோ நோயாளியைப் பார்ப்பதைத்தான் 'தொலைச் சுகாதாரம்' என்கிறார்கள். கிளிநொச்சிச் சந்தையில் இதை வாசித்துக் காட்டினால் கிணறுகளுக்குக் குளோரின் போடும் திட்டம் ஏதோ வருகிறது என்று விளங்கிக்கொள்வார்கள். பிழை அவர்களில் இல்லை. வன்னியில் சுகாதாரம் என்றதும் நினைவுக்கு வருபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மலசலகூடம் பார்ப்பார், நுளம்பு பெருகும் சிரட்டையையும் ரயரையும் அகற்றச் சொல்வார், சாப்பாட்டுக் கடைக்குள் போய்ப் பார்ப்பார். வைத்தியரிடம் போகிறவர் யாரும் "சுகாதாரம் எடுக்கப் போறன்" என்று சொல்வதில்லை. "மருந்து எடுக்கப் போறன்" என்பார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ரெலிமெடிசின் என்பதில் 'ரெலே' கிரேக்கம், தூரத்தில் என்று பொருள். 'மெடிசினா' இலத்தீன், குணமாக்கும் கலை. ரெலிஹெல்த் அதைவிட அகன்றது. தாதியரின் கண்காணிப்பு, உளவளத்துணை, நோயாளிக்கான அறிவூட்டல் எல்லாம் அதற்குள் அடங்கும். முன்னதற்குத் தொலைமருத்துவம், பின்னதற்குத் தொலைநலச் சேவை. இரண்டிலும் 'தொலை'க்குப் பின் வல்லெழுத்து மிகாது.

'தொலை' என்றால் அழிவு, ஆகவே 'தூர வைத்தியம்' என்போம் என்று சிலர் வாதாடுகிறார்கள். தொலைபேசியும் தொலைக்காட்சியும் வீடுவீடாக வந்து சேர்ந்த பிறகு இந்த வாதத்துக்கு இடமில்லை. வைத்தியசாலை என்ற வடசொல்லோடு எனக்குச் சண்டையும் இல்லை, அது எங்கள் வாயில் ஊறிவிட்டது. ஆனால் புதிதாக ஒரு சொல்லை ஆக்கும்போது மருந்து என்ற நம் வேரிலிருந்து ஆக்குவதே முறை. குறள் 950 மருந்தை நான்கு கூறாக வகுக்கிறது: உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (வைத்தியர்), மருந்து, உழைச்செல்வான். அங்கே மருந்து குளிசையை மட்டும் குறிக்கவில்லை, முழுச் சிகிச்சையையும் குறிக்கிறது. "மருந்து எடுக்கப் போறன்" என்பதிலும் அதே பொருள்தான்.

நான்காமவரான உழைச்செல்வானை, அதாவது நோயாளியின் பக்கத்தில் நிற்பவரை, மொழிபெயர்ப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். நோயாளி முல்லைத்தீவு மாஞ்சோலை வைத்தியசாலையில், நிபுணர் யாழ்ப்பாணத்தில் என்று வைத்துக்கொள்வோம். நிபுணரால் கையைப் பிடித்துப் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் தாதிதான் நோயாளியை ஐந்து நிமிடம் பேசாமல் இருத்தி, முதுகைச் சாய்த்து, பாதங்களை நிலத்தில் பதித்து, பட்டியை நெஞ்சு மட்டத்தில் கட்டி பிறஷர் எடுக்க வேண்டும். கை தொங்கினால் அளவு கூடிக் காட்டும். அந்தப் பிழையான எண்ணை நம்பி நிபுணர் குளிசையைக் கூட்டினால் நோயாளி எழும்பும்போது தலைசுற்றி விழக்கூடும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கமெராவுக்கு நேரே பிடிப்பதும் அந்தத் தாதிதான். சிகிச்சை இப்படி நடக்கும்போது அதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைப்பது எந்த வகையில் பொருந்தும்?

அமைச்சின் பெயரே சுகாதார அமைச்சுத்தானே என்று எதிர்வாதம் வரும். தடுப்பூசி முதல் சத்திரசிகிச்சை வரை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் அது அமைச்சுக்குப் பொருந்துகிறது. ஒரு நோயாளி பெறும் வைத்தியத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இதைவிடக் கேடு சட்டச் சொற்களில் நடக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிக்கெயார் காப்புறுதிச் சட்டம் இரண்டு இடங்களைப் பிரித்துச் சொல்கிறது. நோயாளி இருக்கும் இடத்தை 'ஒறிஜினேற்றிங் சைற்' என்றும், வைத்தியர் இருக்கும் இடத்தை 'டிஸ்ரன்ற் சைற்' என்றும் அழைக்கிறது. தமிழில் இவை 'தோற்றத் தளம்', 'தொலைதூரத் தளம்' ஆகிவிடுகின்றன. துணுக்காயில் இருந்து வாசிப்பவர் தொலைதூரத் தளம் என்பது தன் ஊரைப் போன்ற ஒதுக்குப்புறம் என்றுதான் எடுத்துக்கொள்வார். சட்டமோ நேர்மாறாகச் சொல்கிறது. நோயாளி இருக்குமிடம், வைத்தியர் இருக்குமிடம் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சட்டத்தின் சிக்கல் முழுவதும் அந்த நோயாளி இருக்குமிடத்தில்தான் இருக்கிறது. பழைய விதிப்படி அது பெரும்பாலும் நாட்டுப்புறப் பகுதியிலுள்ள மருத்துவ நிலையமாக இருக்க வேண்டும். சில விதிவிலக்குகளைத் தவிர வீடு கணக்கில் வராது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வீட்டிலிருந்து பேசலாம், பலவற்றுக்கு வெறும் குரல் அழைப்பும் போதும் என்றானது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் தவணை தவணையாக நீட்டியது. குரல் அழைப்பின் அருமை ஒட்டுசுட்டான் பக்கத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அதைப் போய் 'ஒலி மட்டும் முறைமை' என்கிறார்கள். 'குரல்வழி' போதாதா?

'நோயாளர் அணுகல்' என்பதும் கைவிட வேண்டிய தொடர். யாரோ நோயாளியை நெருங்குவது போல ஒலிக்கிறது. கிடைத்தல், எட்டுதல், பெறுதல் என்று நம்மிடம் வினைகள் இருக்க, எல்லாவற்றையும் பெயர்ச்சொல்லாக்கி அடுக்கும் பழக்கம்தான் இன்றைய மொழிபெயர்ப்பைக் கெடுக்கிறது.

கடைசியாக 'சட்டம்'. தொலைமருத்துவக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த அமெரிக்கக் காங்கிரஸில் 2016இல் முதலில் முன்வைக்கப்பட்ட 'கனெக்ற் ஃபோர் ஹெல்த்' என்பதன் ஆங்கிலப் பெயரில் 'அக்ற்' இருக்கிறது; அங்கே நிறைவேறாத வரைவுக்கும் அப்படித்தான் பெயரிடுவார்கள். நிறைவேறும் வரை தமிழில் அது சட்டமூலம். ஆகவே மேலே காட்டிய தலைப்பை இப்படி எழுதலாம்: "நோயாளிகள் வீட்டிலிருந்தே தொலைமருத்துவம் பெற வழிசெய்யும் சட்டமூலம்."