மீன்தொட்டி வால்வும் மூணாவது பிஸ்டனும்

டர்போ இல்லாத வண்டியில் டர்போவை மாட்டி, எஞ்சினைக் கெடுத்துக்கொண்டு வந்ததில் இந்த வருஷத்தில் இது நாலாவது வண்டி. சென்னை வியாசர்பாடியில் என் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். வெள்ளை ஸ்விஃப்ட், 1.2 பெட்ரோல். ஓட்டிய தம்பிக்கு கொடுங்கையூர், வயது இருபத்து மூன்று இருக்கும். கூடவே வந்த அப்பா ஒன்றும் பேசாமல் ஓரமாக நின்றுகொண்டார்.

"அண்ணா, மணலி ரோட்ல தேர்ட் கியர்ல மிதிச்சேன், நல்லா போச்சு. திடீர்னு பின்னாடி ஒரே புகை. டர்போ போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அடிக்கும் விசிறி. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பானட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக். தன் குழாயை விட்டு இரண்டு இன்ச் எழும்பி நின்றது, சுற்றிலும் ஆயில் தெறிப்பு. கம்ப்ரஷன் பார்த்தோம்: நாலு சிலிண்டரில் மூன்றில் 180 பிஎஸ்ஐ சுற்றி, மூணாவது சிலிண்டரில் மட்டும் 45. ஹெட்டைக் கழற்றினால் அந்த பிஸ்டன் தலை அம்மி கொத்தின மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் ரிங் லேண்ட் கட்டைவிரல் அகலத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளிப் பொட்டுகள். அது அழுக்கு இல்லை, உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம்.

பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் 1.3 டீசல் எஞ்சினின் டர்போவை ஏழாயிரத்துக்கு வாங்கியிருக்கிறான். மேனிஃபோல்ட் வெல்டிங், சிலிக்கான் ஹோஸ், ஆயில் பைப் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடித்துவிட்டதாகப் பெருமை வேறு. "கூடுதல் காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோல் அளவ எப்படி ஏத்துன?" என்று கேட்டேன். "அஞ்சு பிஎஸ்ஐ தானேண்ணா, லோ பூஸ்ட். ஈசியு தானா கத்துக்கும்னு சொன்னாங்க."

ஈசியு என்றால் எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது, பிளக்கில் எப்போது பொறி தட்டுவது என்று முடிவு செய்யும் எஞ்சின் கம்ப்யூட்டர். இந்த ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைக்கிறது. நாலு வண்டிக்காரர்களும் இதையேதான் சொன்னார்கள். தம்பிகளா, ஈசியு கத்துக்காது. ஏன் என்று கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

டர்போ இல்லாத எஞ்சினில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குள் எவ்வளவு அழுத்தம் என்று ஈசியுவுக்குச் சொல்வது மேப் சென்சார். நம் ஊர் கடல் மட்டம். வெளியே இருக்கும் காற்றே கிட்டத்தட்ட 1 பார். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாலும் அதற்கு மேல் போக வழியில்லை என்பதால், கம்பெனி போடும் சென்சார் 1.1 பார் சுற்றிலேயே முடிந்துவிடும். காசிமேட்டில் பத்து கிலோ வரைக்கும் காட்டும் தராசில் பதினாலு கிலோ வஞ்சிரத்தை வைத்தால் முள் பத்திலேயே நிற்கும் இல்லையா? அதே கதைதான். பூஸ்ட் என்பது டர்போ கூடுதலாகத் திணிக்கும் அழுத்தம். 5 பிஎஸ்ஐ என்றால் 0.35 பார். காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போகிறது, ஈசியுவோ பழைய கணக்கிலேயே பெட்ரோல் ஊற்றுகிறது. காற்று கூடி, பெட்ரோல் கூடவில்லை என்றால் கலவை லீன்.

"ஆக்ஸிஜன் சென்சார் இருக்கே, அது சொல்லாதா?" அடுத்த கேள்வி இதுதானே. வண்டியோடு வரும் அந்த சென்சாருக்கு காற்று 14.7 பங்குக்கு பெட்ரோல் 1 பங்கு என்ற விகிதத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று தெரியாது. அதைவிட முக்கியம், முழுசாக மிதிக்கும்போது ஈசியு அந்த சென்சார் பேச்சையே கேட்பதில்லை, மனப்பாடமாக வைத்திருக்கும் அட்டவணைப்படி போகும். பூஸ்ட் வருவதும் அப்போதுதான். மெதுவாக ஓட்டும்போது நடக்கும் சின்னத் திருத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் "கத்துக்குது" என்கிறார்கள்.

இன்னொரு கூத்தும் உண்டு. சில வண்டிகளில் அளவு மீறிய பிரஷரைப் பார்த்ததும் ஈசியு பயந்து பெட்ரோலையே நிறுத்திவிடும், வண்டி குலுங்கும். அது நல்லதுக்குத்தான். இந்தத் தம்பி அதற்கும் வைத்தியம் பார்த்திருந்தான். சென்சாரை மேனிஃபோல்டிலிருந்து கழற்றி ஒரு அடி ரப்பர் டியூபில் நீட்டி, நடுவில் பச்சை கலரில் ஒரு செக் வால்வ். எங்கே வாங்கினாய் என்றேன். கொளத்தூர் கலர் மீன் மார்க்கெட்டாம். மீன்தொட்டியில் தண்ணீர் ஏர் பம்ப்புக்குத் திரும்பி வராமல் இருக்கப் போடுவது. விலை முப்பது ரூபாய். ஈசியுவின் கண்ணைக் கட்டிவிட்டு, மேலே இன்னும் காற்றை அடித்திருக்கிறான்.

அந்த எஞ்சினில் கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவையை பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது, ஏற்கெனவே 11க்கு 1 பக்கம். மே மாத வெயிலில் 40 டிகிரி காற்றை, குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் டர்போ அழுத்தினால், உள்ளே போகும்போது 90 டிகிரியைத் தொடும். கூடவே லீன் கலவை, பொறி தட்டும் டைமிங்கும் பழையபடியே. நாக்கிங், அதாவது கலவை கண்டபடி தானாக வெடிப்பது, வராமல் என்ன செய்யும்? அந்த பிஸ்டனைக் கொத்தினது அதுதான். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதற்கு எரிபொருள் இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும், சரியான விகிதமே 13.5 பக்கம் இறங்கிவிடும். அதையும் எவனும் கணக்கில் எடுப்பதில்லை.

டீசல் டர்போவைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் புகை பெட்ரோல் புகை அளவுக்குச் சூடு கிடையாது. முழு லோடில் பெட்ரோல் எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தாண்டும். டீசலுக்கென்று செய்த டர்பைன் அதில் எத்தனை நாள் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கம்பெனிக்காரனுக்கு இதெல்லாம் தெரியாதா? 2017ல் மாருதியின் பலேனோ ஆர்எஸ் வந்தபோது 1.2 எஞ்சினில் டர்போவை மாட்டி விற்கவில்லை. 1 லிட்டரில் தனி எஞ்சின், டைரக்ட் இன்ஜெக்ஷன், இன்டர்கூலர் எல்லாம் போட்டுத்தான் 102 குதிரைத்திறன் எடுத்தார்கள். சாதா 1.2ஐவிட இருபதுகூட ஏறவில்லை.

சரி, அப்படியும் செய்தே தீருவேன் என்கிறவர்களுக்கு. முதலில் காசை டர்போவுக்கு ஒதுக்காதீர்கள். பட்ஜெட்டில் மலிவான சாமானே அதுதான். வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரஷனும், சிலிண்டரில் காற்று எவ்வளவு கசிகிறது என்று காட்டும் லீக் டவுனும் பாருங்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய, ஆயில் குடிக்கும் எஞ்சினில் இந்த ஆசையே வேண்டாம். அப்புறம் 2.5 அல்லது 3 பார் மேப் சென்சார், பெரிய இன்ஜெக்டர், அதற்கு ஈடு கொடுக்கும் பம்ப், டியூன் பண்ணக்கூடிய ஈசியு, கலவை விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் சென்சார். பூஸ்டில் கலவை 11.5 முதல் 12க்குள் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் முழுசாக மிதிக்கக் கூடாது. பொறி கொஞ்சம் தாமதமாக வரும்படி டைமிங்கைப் பின்னால் இழுங்கள். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மில்லிமீட்டர் பக்கம். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் டியூன் பண்ணத் தெரிந்த ஆளுக்கு ஒரு பெரிய தொகையை எடுத்து வையுங்கள். கிளட்ச் வழுக்கும், அதற்கும் வையுங்கள். பிரேக்கைப் பற்றி நாலு பேரில் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை.

ஆயில் ரிட்டர்ன் பைப்பை மெல்லிசாகப் போட்டுவிட்டு "டர்போ சீல் போச்சு" என்று வராதீர்கள். அதில் ரப்பர் சீலே கிடையாது. ஆயில் தானாக வழிந்து இறங்க வேண்டும். பைப் தடிமனாக, மடங்காமல், எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான்.

இதை எல்லாம் கூட்டிப் பாருங்கள், குறைந்தது இரண்டு லட்சம் வரும். அந்தக் காசோடு இந்த வண்டியையும் விற்றால், கம்பெனியே டர்போ போட்ட செகண்ட் ஹேண்ட் கார் கிடைக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் இருக்கும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு விடாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தப்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். அபராதம்கூடப் போகட்டும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரியோடு உரசினால் இன்சூரன்ஸ்காரர் பானட்டைத் திறந்து பார்ப்பார். அப்போது என்ன சொல்வீர்கள்?

கொடுங்கையூர் தம்பிக்கு புதுப்பேட்டையிலேயே ஹாஃப் எஞ்சின், அதாவது ஹெட் இல்லாத கீழ்ப்பாதி, பார்த்து மாட்டினோம். டர்போ இல்லாமல்தான். காசை எண்ணிக் கொடுத்தவர் அப்பா. அப்போதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது பையன் மட்டும் என் பக்கம் வந்து மெதுவாக, "அண்ணா, அந்த டர்போவ யாராச்சும் கேட்டா..." என்று இழுத்தான்.

"டீசல் வண்டிக்காரன் கேட்டா குடுத்துடு தம்பி" என்றேன்.