இறக்கப்படாத புயல் கூண்டு

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுத்தால் கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். புயல் கரையைக் கடந்ததும் இறக்கிவிடுவார்கள். சிலரது மூளையில் அந்தக் கூண்டு இறங்குவதே இல்லை. பொதுப்படையான பதற்றக் கோளாறு என்று மருத்துவர்கள் சொல்வது இந்த நிலையைத்தான்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலைக் கண்ட ஊரில், ஐப்பசி பிறந்தாலே மனம் கலங்குவது இயல்பு. ஆனால், இக்கோளாறு உள்ளவரின் கவலைக்குப் பருவம் கிடையாது. புதுச்சேரிக்கு வேலைக்குப் போன மகன் இரண்டு முறை தொலைபேசியை எடுக்காவிட்டால் தாய்க்கு உள்ளங்கை வியர்க்கிறது. அவன் பேசிவிட்டால் பேத்தியின் இருமலும், அது அடங்கினால் வீட்டுக் கடனும் நினைவில் ஏறிக்கொள்கின்றன. இப்படிக் காரணம் மாறிக்கொண்டே இருக்க, கவலை மட்டும் மாறாதிருப்பதை நான் முதன்மையான அடையாளமாகக் கருதுகிறேன்.

மூளையின் ஆழத்தில் பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா ஆபத்தை முகர்ந்து உடலை உசுப்புகிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைப் புறணி நிலைமையை எடைபோட்டு அதை அடக்குகிறது. இவற்றுக்கிடையிலான ஒத்திசைவு தளர்ந்தால் தசைகள் இறுகியே கிடக்கும், உறக்கம் கலையும். அதனால் வீட்டார் காதில் முதலில் விழுவது "கழுத்து பிடிச்சிருக்கு", "வயித்த என்னவோ பண்ணுது", "ராத்திரி கண்ணே மூடல" போன்ற பேச்சுகள்தாம். வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் கொடுத்தே பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. "அவங்க சுபாவமே அப்படி" என்பது அதைவிட வருத்தம் தரும் முடிவு.

அடக்க முடியாத கவலை 6 மாதங்களாகப் பெரும்பாலான நாட்களில் நீடித்து, அமைதியின்மை, எளிதில் களைப்பு, கவனச் சிதறல், எரிச்சல், தசை இறுக்கம், உறக்கக் குறைவு ஆகிய ஆறில் மூன்றேனும் சேர்ந்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் மருத்துவரை நாட வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று நாம் சொல்லும் ஆறுதல் சிறிது நேரமே நிற்கும். அந்த நிம்மதியின் சுவை கண்ட மனம் மறுபடி மறுபடி அதையே கேட்கும். "மூணு மாசமா நீங்க சரியாத் தூங்கல, வாங்க, நானும் கூட வர்றேன்" என்று கண்ணால் கண்டதைச் சொல்லி அழைப்பது நல்லது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் மருந்துகளும் நல்ல பலன் தருகின்றன. ஆனால், இதற்கென வழக்கமாகத் தரப்படும் மாத்திரைகள் முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும் என்பதை வீட்டார் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பத்து நாளில் குணமில்லை என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு.