எழுந்து நிற்கும் பிள்ளை வாய் திறந்தும் சொல்ல வேண்டுமா? பாடசாலைக் காலைக் கூட்டமும் சட்டமும்

மட்டக்களப்பில் சட்டத்தரணியாகத் தொழில் செய்யும் என்னிடம், காணிப் பிணக்கோடும் பராமரிப்பு வழக்கோடும் வருவோருக்கு இடையில், பாடசாலைக் காலைக் கூட்டம் பற்றிய முறைப்பாட்டோடு வரும் பெற்றோரும் இருக்கின்றனர். முறைப்பாடு ஊருக்கு ஊர் வேறு முகம் கொள்கிறது. தேவாரம் பாடப்படும்போது கைகூப்பாத மகளை மாணவத் தலைவர்கள் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள் என்கிறது ஒரு கிறிஸ்தவ சபைக் குடும்பம். தேசிய கீதத்தில் நாட்டைத் தாயாக உருவகித்து அத்தாயின் அடியில் தலை வைத்ததாகப் பாடும் வரியை மகன் சொல்லலாமா என்று கேட்கிறார் ஒரு முஸ்லிம் தந்தை. முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலானோர் அக்கீதத்தைத் தயக்கமின்றிப் பாடுகின்றனர் என்பதையும் அவரே சொல்கிறார். முஸ்லிம் பாடசாலையில் கற்பிக்கும் இந்து ஆசிரியை ஒருவர், துஆ ஓதப்படும்போது தாம் எப்படி நிற்பது முறை என்று அறிய விரும்புகிறார். அம்பாறை நகரில் கடமையாற்றும் தமிழ் அரச ஊழியருக்கோ, தம் பிள்ளை பன்சில் எனும் பௌத்த ஐந்தொழுக்க வாசகத்தைச் சொல்ல வேண்டியிருப்பது பற்றிய கவலை.

இவை நான்கும் ஒரே கேள்விதான். கொடியேற்றம், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், இறைவணக்கம், உறுதிமொழி ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில், ஒரே பத்து நிமிடத்தில், ஒரே ஒலிவாங்கியில் நடந்தேறுவதால், எது நாட்டுக்குச் செலுத்தும் மரியாதை, எது ஒரு தெய்வத்துக்குச் செலுத்தும் வழிபாடு என்ற எல்லை பிள்ளைக்குத் தெரிவதில்லை. பல வேளைகளில் ஆசிரியருக்கும் தெரிவதில்லை. வழிபாட்டில் சேராத பிள்ளை நாட்டை மதிக்காத பிள்ளையாகப் பதிவேட்டில் ஏறுவது அந்த மயக்கத்தினால்தான். தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா என்ற வாதமே நம்மிடையே நெடுங்காலம் முன்னே நின்றதால், பாடப்படும் வரிகளின் சமயச் சாயல் பற்றி நாம் நிதானமாகப் பேசியதேயில்லை என்பது என் எண்ணம்.

இக்கேள்வியை நீதிமன்றங்களில் அதிகம் உரசிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கு பாடசாலைப் பிள்ளைகள் கொடிக்கு முன் சொல்லும் உறுதிமொழியை 1892 இல் எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பப்டிஸ்ட் போதகர். இருந்தும் அவர் எழுதிய வாசகத்தில் கடவுள் இல்லை. கம்யூனிச எதிர்ப்பு உச்சத்தில் இருந்த 1954 இல்தான், ஜனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட சட்டத்தின் மூலம், கடவுளின் கீழ் அமைந்த தேசம் என்ற பொருள்படும் தொடர் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, கொடியை வணங்குவது விக்கிரக வழிபாடு என்று கருதிய யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பிள்ளைகள் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். 1940 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவ்விலக்கலைச் சரியென்றது. அத்தீர்ப்பைத் தொடர்ந்து அச்சமயத்தவர் பல ஊர்களில் தாக்கப்பட்டனர். மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943 இல், மேற்கு வேர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, எந்தப் பிள்ளையையும் கொடிக்கு வணக்கம் செலுத்தவோ உறுதிமொழி சொல்லவோ அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று கூறியது. கடவுள் பற்றிய அந்தத் தொடரையே நீக்கக் கோரி மைக்கல் நியூடவ் என்ற தந்தை தொடுத்த வழக்கு 2004 இல் அந்நீதிமன்றத்தை எட்டியபோது, மகள் சார்பில் வழக்காடும் தகுதி அவருக்கில்லை என்ற காரணத்தால், தொடர் சரியா பிழையா என்பது தீர்க்கப்படாமலே போனது. ஆகவே அத்தொடர் இன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாதிருக்கும் உரிமையும் இருக்கிறது.

நமக்கு அருகே உள்ள கேரளத்தில் நிகழ்ந்தது இதைவிடப் பொருத்தமானது. தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்று, ஆனால் தங்கள் சமய நம்பிக்கையின்படி பாடாமலிருந்த மூன்று பிள்ளைகள் 1985 இல் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்ட் மாதம் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி வழங்கிய தீர்ப்பு, எழுந்து நிற்பதே உரிய மரியாதை என்றும் பாடாதிருப்பது அவமதிப்பாகாது என்றும் கூறி, அவர்களை மீண்டும் சேர்க்கப் பணித்தது. அது எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அடிப்படை உரிமை வழக்குகளில் எடுத்துக்காட்டத் தக்க வலுவுடையது.

எமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 7 ஆம் உறுப்புரை தேசிய கீதத்தை வரையறுக்கிறது; அதன் சொல்லும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளன. 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. ஆனால் அதே வாக்கியத்தில் 10 ஆம், 14(1)(உ) ஆம் உறுப்புரைகளின் உரிமைகளை ஏனைய சமயத்தவர் அனைவருக்கும் காப்புறுதி செய்கிறது. நான் பெற்றோரிடம் அழுத்திச் சொல்வது 10 ஆம் உறுப்புரையைப் பற்றி. சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்னும் அவ்வுறுப்புரைக்கு, பேச்சுச் சுதந்திரத்துக்கு இருப்பதுபோல் 15 ஆம் உறுப்புரையின் மட்டுப்பாடுகள் எவையும் பொருந்தா. அதை மாற்றுவதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு மக்கள் தீர்ப்பும் வேண்டும். இவ்வளவு உறுதியான உரிமை, பாடசாலை வாசலில் கழற்றி வைக்கப்படுவதற்கில்லை.

பெரியவர்கள் விடயத்தில் அரசு இதை நூறாண்டுக்கு மேலாக ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது. நாள்தோறும் நான் தயாரிக்கும் சத்தியக்கடதாசியில், கிறிஸ்தவர் சத்தியம் செய்கிறார். இந்துவும் முஸ்லிமும் பௌத்தரும் உறுதியுரைக்கின்றனர். 1895 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. சாட்சிக் கூண்டில் நிற்பவரிடம் அவரது நம்பிக்கைக்கு மாறான வாசகத்தை எந்த நீதவானும் திணிப்பதில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் அந்தத் தெரிவு ஏன் மறுக்கப்படுகிறது என்பதற்கு நியாயமான விடையை நான் இதுவரை எந்த அதிபரிடமிருந்தும் கேட்டதில்லை.

அதிபர்களுக்கும் ஒரு சங்கடம் உண்டு. 1814 இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய கல்லூரியும், 1929 இல் சுவாமி விபுலானந்தர் நிறுவிய சிவானந்தா வித்தியாலயமும் இந்நகரில்தான் உள்ளன. 1960 களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது நிர்வாகம் கைமாறியது, மரபு கைமாறவில்லை. அம்மரபைத் துடைத்தெறிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விரும்பாத பிள்ளை விலகி நிற்கலாம் என்று ஓர் அறிவித்தலை ஒட்டினால் போதும் என்போரோடும் எனக்கு உடன்பாடில்லை; எண்ணூறு பேர் முன்னிலையில் விலகி நிற்கும் துணிவை எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது கட்டாயத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. கொடியும் தேசிய கீதமும் எல்லோருக்கும் பொதுவாக முதலில் நடக்கட்டும். சமய அனுஷ்டானம் அதன்பின், அவ்வச் சமயப் பாடத்துக்குப் பிள்ளைகள் பிரிந்து செல்வதைப் போல, வகுப்பறைகளில் தனித்தனியாக நடக்கட்டும். இடமோ ஆசிரியரோ போதாத சிறிய பாடசாலையில் ஒரு நிமிட மௌனம் போதும். முழுப் பாடசாலையும் சொல்லும் உறுதிமொழியில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இடம்பெறாதிருத்தல் நன்று.

பெற்றோர் முதலில் அதிபரிடம் எழுத்தில் கோர வேண்டும்: பிள்ளை எழுந்து நிற்கும், அமைதி காக்கும், இன்ன பகுதியைச் சொல்லாது என்று தெளிவாகக் குறிப்பிட்டு, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெறுவது அவசியம். பலனில்லையெனில் மாகாணப் பாடசாலைக்கு வலயக் கல்விப் பணிப்பாளரையும், தேசிய பாடசாலைக்குக் கல்வி அமைச்சையும் அணுகலாம். பிள்ளை தண்டிக்கப்பட்டால், அல்லது விடுகைப் பத்திரத்தில் பாதகமான குறிப்பு எழுதப்பட்டால், விடயம் வேறு. அரச பாடசாலை அதிபரின் செயல் நிர்வாகச் செயல் என்பதால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாடலாம்; ஆனால் உரிமை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு சமரசம் பேசிக் கழியும் வாரங்களும் அந்த மாதத்தில்தான் கழிகின்றன. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருப்பதால், முறைப்பாட்டைக் கையளிக்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.