பார்த்தேனா, பார்க்கவில்லையா? ஜுருபஹாசாவின் மூளைக்குள்ளே

பினாங்கு நீதிமன்றத்தில் ஒரு சாட்சி தமிழில் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அன்னிக்கு ராத்திரி அந்த ஆளு பையைத் தூக்கிட்டு ஓடினதை நான் பாக்கலை.” வழக்கே அந்தக் கடைசி ‘லை’யில்தான் தொங்குகிறது. மலாயிலோ ‘சாயா திடாக் நம்பாக்’ என்று மறுப்பு முதலிலேயே வந்தாக வேண்டும். ஆகவே சாட்சி முடிக்கும்வரை ஜுருபஹாசாவால், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரால், வாய் திறக்க முடியாது.

சாட்சி நிறுத்தி நிறுத்திப் பேசினால் பரவாயில்லை. சரித்திரத்தில் நெடுங்காலம் இப்படித்தான் வேலை நடந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும், 1807-ஆம் ஆண்டு சாசனத்தால் பினாங்குக்கு நீதிமன்றம் வந்தபோது ஆங்கிலேய நீதிபதிக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே நின்றவர்களும், ஒருவர் பேசி முடித்த பிறகு பேசியவர்கள். யோசிக்க நேரம் கிடைத்தது. எதை அழுத்திச் சொல்வது, எதை மழுப்புவது என்ற அதிகாரமும் கூடவே கிடைத்தது என்பது என் ஊகம்.

கேட்டுக்கொண்டே பேசுவது வேறு ரகம். ஒரு தொலைபேசி எண்ணைக் கேட்டால் மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தானே நினைவில் வைக்கிறோம்? அப்போது வாய் வேறு எதையாவது பேசினால் அந்த முணுமுணுப்பு அறுந்துபோகும். மொழிபெயர்ப்பாளருக்கு எந்நேரமும் இதே நிலைமைதான். அதனால் அவர் சொற்களைப் பிடித்துவைப்பதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு சொற்களை விட்டுவிடுகிறார். பேச்சாளருக்கு இரண்டு முதல் நான்கு விநாடி பின்னால் ஓடுகிறார். அந்த நேரத்தில் ஜெனீவா ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்தபோது, மொழிக்கான பகுதிகளோடு, காடேட் என்ற உட்பகுதியும் மும்முரமாக இயங்கியது. உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்துவதிலும் பங்குள்ள பகுதி அது. எந்த மொழியைத் திறப்பது, எதை அடக்குவது என்று பார்த்துக்கொள்வது அதன் வேலையாக இருக்கலாம் என்கிறார்கள்.

தமிழைப் போலவே ஜெர்மனும் பல வாக்கியங்களில் வினையைக் கடைசிக்குத் தள்ளும். 1945 நவம்பர் 20-இல் தொடங்கிய, நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பர்க் விசாரணையில் ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் நான்கும் காதுக்கருவிகளில் உடனுக்குடன் ஓடின. பேச்சாளர் வேகமெடுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்த வேண்டும். ஆனால் வராத வினைக்கு எந்த விளக்கைப் போடுவது? கொஞ்சம் காத்திருக்கலாம், நீண்ட வாக்கியத்தைத் துண்டு துண்டாக்கி நகரலாம், அல்லது வரப்போவதை ஊகித்துத் துணிந்து சொல்லிவிடலாம். மூன்றாவது வழியில்தான் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் தனித்துத் தெரிகிறார்கள். சாட்சியத்தில் மட்டும் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

மலாயிலிருந்து தமிழுக்கு வரும்போது சிக்கல் தலைகீழ். வினை முதலிலேயே கிடைத்துவிடும். தமிழ் வாக்கியம் முடியும்வரை அதைச் சுமந்துகொண்டே போக வேண்டும்.

எண்களை மட்டும் யாராலும் ஊகிக்க முடியாது. ‘ஒன்றே முக்கால் லட்சம்’ என்று ஒரு தமிழர் சொன்னால், லட்சக் கணக்கு இல்லாத மலாய்க்கு அதை ஆயிரங்களாக மாற்றியாக வேண்டும், அதுவும் பேசிக்கொண்டே! மாநாட்டு பூத்தில் இருவராக உட்கார்ந்து அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வது களைப்புக்காக. அப்புறம் இதற்காகவும்தான்: ஓய்வில் இருப்பவர் 175,000 என்று தாளில் எழுதிப் பக்கத்தில் நகர்த்துவார்.