'தொடரும்' போடாத கதை

குக்கர் மூன்று விசில் அடிக்கிற வரைக்கும் நாலு ரீல்ஸ் பார்க்கலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். எத்தனையாவது விசிலில் தலை நிமிர்ந்தேனோ தெரியாது. பருப்புத் தண்ணீர் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவ்வளவு நேரம் அப்படி என்ன பார்த்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு பூனை, யாரோ பிரியாணி கிண்டியது, யாரோ யாரையோ திட்டியது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

டிவி சீரியலில் இந்தத் தொல்லை கிடையாது. எவ்வளவு பரபரப்பான கட்டமானாலும் எட்டரை ஆனால் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். எழுந்துபோய் தோசை ஊற்றலாம். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. பழைய இணையத்திலும் அடியில் 'அடுத்த பக்கம்' என்றொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தப் போகிற நொடியில் 'போதுமே' என்று மனசு ஒருமுறை சொல்லிப் பார்க்கும். 2006-ல் அசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், அடியை நெருங்கும்போதே அடுத்தது தானாக வந்து சேரும்படி ஒரு ஏற்பாடு செய்தார். வசதிக்கென்றுதான் செய்தார். பிற்பாடு அதை நினைத்து வருந்தியும் பேசினார்.

முடிவே வராதது பாதி. அடுத்து என்ன வரும் என்று தெரியாதது மீதி. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர், பொத்தானைக் கொத்தினால் தீனி விழும்படி புறாக் கூண்டு ஒன்றை அமைத்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கண்டு பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி விழும் என்று தெரியாமலே பழகிய புறாவோ வெறும் பொத்தானை வெகுநேரம் கொத்திக்கொண்டிருக்கும். சூதாட்ட இயந்திரம் ஆட்களை உட்கார வைப்பதும் இதே வித்தையால்தான். வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்கு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்தபோது, வருமென்று தெரிந்த பழச்சாறு வந்தால் அவை சும்மா இருந்தன. எதிர்பாராமல் நாக்கில் விழுந்த சொட்டுக்குத் துள்ளின. திரையை மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, அந்தச் சின்ன வட்டம் சுற்றி முடிகிற வரை காத்திருக்கிறோமே, அப்போது நம் விரலும் கொத்திக்கொண்டுதான் இருக்கிறது.

இதெல்லாம் கூண்டு. எந்தத் தீனியை எப்போது போடுவது என்று தீர்மானிக்கும் கணக்கு தனி. சமூக ஊடகத் தளத்தைத் திறந்ததும், நமக்குக் காட்டக்கூடிய ஒவ்வொரு பதிவுக்கும் மதிப்பெண் விழுகிறது. இவர் லைக் போட எவ்வளவு வாய்ப்பு, கருத்து எழுத எவ்வளவு, பகிர எவ்வளவு என்று கணித்து, ஒவ்வொன்றையும் ஒரு எடையால் பெருக்கிக் கூட்டுவார்கள். அதிகம் பெற்றது மேலே வரும். கணினி செய்வது கூட்டல் பெருக்கல்தான். எடை எவ்வளவு என்பதை ஒரு அறையில் உட்கார்ந்து மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

2017-ல் ஃபேஸ்புக் ஒரு எடை வைத்தது. லைக்குக்கு ஒன்று என்றால் அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் என எந்த முகத்தை அழுத்தினாலும் ஐந்து. ஆத்திரமூட்டினால் ஐந்து மடங்கு கூலி என்று ஆகிவிட்டது. கோப முகம் குவிகிற பதிவுகளில் பொய்ச் செய்தியும் வசவும் கூடுதல் என்று அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே பின்னர் கண்டார்கள். எடையைப் படிப்படியாகக் குறைத்து, 2020-ல் கோபத்துக்குச் சுழியம் போட்டார்கள். பொய்யும் வன்முறைக் காட்சிகளும் குறைந்தன. ஜனங்கள் தளத்தைப் பயன்படுத்துவது மட்டும் குறையவில்லை! இதெல்லாம் வெளியே தெரிந்தது 2021-ல், பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்ட பிறகு.

'பிடித்துத்தானே பார்க்கிறார்கள்' என்பது தளங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். முழுப் பொய் என்று தள்ளமாட்டேன்; அன்றைக்கு என்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு என் விரல் மட்டும்தான் தெரியும். பருப்பு வழிந்த எரிச்சல் அதில் ஏறவே ஏறாது. தலைக்குமேல் வேலை இருக்கையில் ஒருவர் பார்த்த நாற்பது நிமிடமும், ரசித்துப் பார்த்த நாற்பது நிமிடமும் அதில் ஒரே எண்தான். நிமிடத்துக்கு இத்தனை விளம்பரம் என்று காசு வரும்போது, இரண்டையும் பிரித்துப் பார்க்க யாருக்கு அவசரம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பெரிய தளங்கள் பயனரைப் பற்றிய கணிப்பு இல்லாத வரிசை ஒன்றையும் தர வேண்டும் என்கிறது. ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா அதைக் கொடுத்தது. ஆனால் செயலியை மூடித் திறந்தால் பழைய வரிசையே திரும்பி வந்தது. நான் எந்தப் பூனையை எத்தனை நொடி பார்த்தேன் என்பதை மறக்காத செயலிக்கு, இது மட்டும் மறந்துபோயிற்று. 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தலையிட்டு, நெதர்லாந்துப் பயனர் ஒருமுறை தேர்ந்ததை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.