அல்சைமர் மருந்து ஆய்வில் சேர்வதற்கு முன்: யார் கையெழுத்து, என்ன உரிமை, எவ்வளவு இழப்பீடு

“புது மருந்து ஒன்று ஆய்வில் இருக்கிறது, உங்கள் அப்பாவைச் சேர்க்கலாமா?” என்று நரம்பியல் மருத்துவர் கேட்டால் வீட்டில் உடனே எழும் கேள்விகள் இரண்டு. செலவு உண்டா, ஆபத்து உண்டா? இரண்டுக்கும் விதிகளில் பதில் இருக்கிறது. ஆனால் நினைவு மங்கும் நோயில் மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறது, சிக்கலும் அதில்தான்: ஒப்புதல் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவது?

இந்தியாவில் இதற்கான சட்டம் ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019’. அந்த ஆண்டு மார்ச் 19 அன்று அறிவிக்கப்பட்டது. புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டும். மருத்துவமனை அளவில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அங்குள்ளவர்கள் எத்திக்ஸ் கமிட்டி என்பார்கள். அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். சட்டம் தெரிந்த ஒருவர், ஒரு பெண், மருத்துவத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண ஆள் ஆகியோரும் அதில் கட்டாயம்.

சேருவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன், இப்படி ஒரு ஆய்வு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். லெகானமாப் என்ற மருந்தின் பெரிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி கிடைத்தது இதை வைத்துத்தான். ஆரம்ப நிலை அல்சைமர் உள்ள 1,795 பேர் 18 மாதங்கள் இதில் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். பாதிப் பேருக்கு உண்மையான மருந்து, மற்ற பாதிப் பேருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே கலக்காத திரவம். மருந்து பெற்றவர்களுக்கும் நோய் முற்றிக்கொண்டுதான் போனது. வேகம் மட்டும் 27 சதவீதம் குறைந்தது. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இரண்டு தரப்புக்கும் இடையே இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. இன்னொரு பக்கம், மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை வீக்கம் தெரிந்தது. பிளாசிபோ பெற்றவர்களில் அது 1.7 சதவீதம். பெரும்பாலோருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை என்றாலும், இதற்காகத்தான் ஆய்வில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள்.

எனவே ‘இலவசமாக நல்ல சிகிச்சை’ என்ற எண்ணத்தோடு போகக் கூடாது. இந்த விஷயத்தை விதிகளே வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. ஆய்வு மருந்து பலன் தராமல் போகலாம் என்ற வாக்கியமும், பிளாசிபோ இருக்கும் ஆய்வில் அதற்கு மருத்துவப் பலன் கிடையாது என்ற வாக்கியமும் நோயாளிக்குத் தரும் தகவல் தாளில் இருந்தே ஆக வேண்டும். எந்தக் குழுவில் விழ எவ்வளவு வாய்ப்பு, எத்தனை மாதம், என்னென்ன பரிசோதனை, வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்பதும் அதில் வர வேண்டும். தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்த் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

சரி, கையெழுத்துக்கு வருவோம்.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆரம்ப நிலையில் உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. 30 மதிப்பெண் நினைவுத் தேர்வில் 22க்குக் குறைந்தவர்களை மேலே சொன்ன ஆய்வு சேர்க்கவில்லை. அந்த நிலையில் இருப்பவருக்குச் சாவி வைத்த இடம் மறக்கலாம், நேற்று வந்தவர் பெயர் மறக்கலாம். ஆனாலும் ‘ஊசி போடுவார்கள், ஆபத்து இருக்கிறது, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்’ என்பது அவர்களில் பலருக்கு நன்றாகவே புரியும். அப்படிப் புரிகிறவரின் கையெழுத்தை மகனோ மகளோ போடுவது தவறு. “அப்பாவுக்கு என்ன தெரியும், நானே போட்டுவிடுகிறேன்” என்ற பாசம்தான் நம் வீடுகளில் அதிகம். எனக்கென்னவோ இந்த இடத்தில் அதை அடக்கிவைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று தோன்றுகிறது.

உண்மையிலேயே புரிந்து முடிவெடுக்க முடியாத நிலை என்றால், அவர் சார்பில் சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி ஒப்புதல் தரலாம் என்கின்றன 2019 விதிகள். இதோடு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் வரையறையில், அன்றாட வாழ்க்கையையோ முடிவெடுக்கும் திறனையோ கடுமையாகப் பாதிக்கும் நினைவுக் கோளாறும் அடங்குகிறது. ஒப்புதல் தர முடியாத ஒருவரிடம் மருந்து ஆய்வு நடத்த மாநில மனநல ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 99ஆம் பிரிவு. ஒப்புதல் தரும் நிலையில் உள்ளவர்களைக் கொண்டு அந்த ஆய்வை நடத்த முடியாது என்று ஆணையத்துக்குத் தெளிவாக வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: அந்த நபர் ஆய்வை எதிர்க்காதவராக இருக்க வேண்டும். வாயால் விளக்கத் தெரியாவிட்டாலும் ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்கிறார் என்றால் அதையும் ஒரு பதிலாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிற்பாடு யார் முடிவெடுப்பது என்பதை இப்போதே எழுதிவைக்கவும் அதே சட்டம் வழி தருகிறது. தனக்காகப் பேசும் பிரதிநிதியை நோயாளி முன்கூட்டியே நியமிக்கலாம். முத்திரைத் தாள் தேவையில்லை; வெள்ளைத் தாளில் எழுதி அவர் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். நியமிக்கப்படுபவர் வயது வந்தவராகவும், சம்மதத்தை எழுத்தில் தருபவராகவும் இருக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நோய் தெரிந்த முதல் மாதங்களிலேயே செய்துவிட வேண்டிய வேலை இது. மூத்த மகனா, கூடவே இருக்கும் மகளா என்ற சண்டை பிறகு வராமலும் இருக்கும்.

இதுவரை பயன்பாட்டுக்கு வராத புதிய வேதிப்பொருளைச் சோதிக்கும் ஆய்வில், இப்படிப்பட்ட எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும். கேமராவைப் பார்த்துப் பதற வேண்டாம். அது நமக்கான சாட்சி. படிக்கத் தெரியாதவர் என்றால் விளக்கம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். தகவல் தாள், படிவம் இரண்டின் நகலும் உங்களுக்கு உரியவை.

படிவத்தில் நோயாளியின் தொழில், ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், முகவரி, உறவு எல்லாம் கேட்பார்கள். நாமினி எதற்கு என்று திடுக்கிடுபவர்கள் உண்டு. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்பதற்குத்தான். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள்.

இழப்பீட்டுக் கணக்கு விதிகளிலேயே இருக்கிறது. 8 லட்சம் ரூபாய் அடிப்படைத் தொகை. அதை வயதுக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வயது எண்ணே 99.37 என்பதால் இரண்டும் அடிபட்டுப்போய், 8 லட்சத்தை ஆபத்து எண்ணால் பெருக்கினால் போதும். நோய் லேசானது என்றால் அந்த எண் 3, மரணத்துக்கு இழப்பீடு 24 லட்சம். நடுத்தரம் என்றால் 2, 16 லட்சம். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள்தான் ஆயுள் என்று கணிக்கப்பட்டவருக்கு 1, 8 லட்சம். அதற்கும் குறைவு என்றால் 0.5, 4 லட்சம். நூறு சதவீத நிரந்தர ஊனத்துக்கு, மரணத்துக்கு உரிய தொகையில் 90 சதவீதம். வருமானம் இந்தக் கணக்கில் வராது. ஓய்வூதியம் இல்லாத பாட்டிக்கும் அதே தொகைதான்.

ஆபத்து எண்ணை முடிவுசெய்வது, ஆய்வில் சேரும் நேரத்தில் நோயின் தீவிரம், எத்தனை நாளாக இருக்கிறது, வேறு என்ன நோய்கள் உண்டு என்பவை. 2க்கும் 3க்கும் நடுவே 8 லட்சம் இருக்கிறது. ஆகவே சேரும் வாரத்தின் நினைவுத் தேர்வு மதிப்பெண், ஸ்கேன் அறிக்கை, சர்க்கரை, ரத்த அழுத்தச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் பக்கவிளைவுக்கு மட்டும்தான் இழப்பீடு என்பதில்லை. ஆய்வுக்காகச் செய்த ஒரு பரிசோதனையால் கடுமையான பாதிப்பு வந்தாலும் உண்டு. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பது இந்த நோயின் ஆய்வுகளில் சாதாரணம். ஆய்வுத் திட்டப்படி தந்திருக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையை பிளாசிபோ குழுவில் இருப்பவருக்குத் தராமல் விட்டதால் வந்த பாதிப்புக்கும் உண்டு. அல்சைமருக்கு வழக்கமாகத் தரும் டோனெபெசில் போன்ற மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர் அதைத் தொடரலாமா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும், மருந்து நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். சிகிச்சை இலவசம், மருத்துவர் தேவை என்று கருதும்வரை, அல்லது பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமாகும்வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை. இழப்பீட்டு உத்தரவு வந்தபின் 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும்.

போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அல்சைமர் ஆய்வுகளில் நோயாளியின் அன்றாட மாற்றங்களைச் சொல்ல வீட்டு ஆள் ஒருவரும் கூடவே வர வேண்டும் என்பார்கள். மதுரையில் இருக்கும் அம்மாவை சென்னையில் நடக்கும் ஆய்வுக்கு மாதம் இரண்டு முறை கூட்டிவரப் போவது யார், அவருக்கு விடுப்பு கிடைக்குமா என்று வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், மரபணுப் பரிசோதனை. ஏ.பி.ஓ.இ.4 என்ற மரபணு வகை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்து இரு பிரதிகளாக உள்ளவர்களுக்கு மூளை வீக்க ஆபத்து அதிகம் என்பதால் அதைப் பார்ப்பார்கள். முடிவு பிள்ளைகளையும் தொடும் செய்தி. அதைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்று அவர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆய்வு உண்மையானதா என்று பார்க்க சி.டி.ஆர்.ஐ. என்ற இந்தியப் பதிவேடு இருக்கிறது. இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே ஆய்வு அதில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். நடக்கும் மருத்துவமனைகள், பொறுப்பு மருத்துவர், நெறிமுறைக் குழு ஒப்புதல் நிலை எல்லாம் அதில் தெரியும். எண் தரத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து இலவசமாகக் கிடைக்குமா என்றால், தானாகக் கிடைக்காது. மருந்து அவருக்குப் பலன் தந்திருக்க வேண்டும், வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நோயாக இருக்க வேண்டும், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். அதன்பின் வரும் பாதிப்புக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நடுவில் விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை; விலகினால் அந்த மருத்துவமனையில் வழக்கமான சிகிச்சையை நிறுத்தவும் கூடாது. விலகும்போது கடைசியாக ஒருமுறை பாதுகாப்புப் பரிசோதனைக்கு வரச் சொன்னால், அதற்கு மட்டும் போய்விட்டு வாருங்கள். மூளை வீக்கம் அறிகுறி காட்டாமல் இருந்தால் அந்த ஸ்கேனில்தான் தெரியும்.