ஏசி கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது

இந்தக் கோடையிலும் அதே கதை. காசிமேட்டில் ஒரு வீடு. “கேஸ் தீர்ந்துடுச்சு தம்பி, போன வருஷம் மாதிரியே ஏத்திட்டுப் போயிடு” என்கிறார் அந்த அம்மா. அவுட்டோரை, அதாவது வெளியே மாட்டியிருக்கும் பெட்டியைத் திறந்தால், பைப் சேரும் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் தூசி. கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தே வரும். சோப்பு நுரை வைத்ததும் குமிழ் கிளம்பியது. முன்பு வந்தவர்கள் யாரும் இதைப் பார்க்கவே இல்லை.

ஏசி கேஸ் பெட்ரோல் இல்லைங்க, எரிந்து தீர்வதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றுகிறது. வருஷம் எத்தனை ஆனாலும் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ ஓட்டை. சர்வீஸ் என்றால் ஃபில்டர், காயில் கழுவுவது. கேஸ் ஏற்றுவது அதில் சேராது. கூலிங் குறைந்தாலே கேஸ் இல்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பல வீடுகளில் அழுக்கடைத்த ஃபில்டர்தான் காரணம்.

காசு போவது ஒருபக்கம், பூமி சூடாவது இன்னொரு பக்கம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் வகைகளில் ஆர்-410ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். ஆர்-22 என்றால் 1.8 டன். ஆர்-32 கூட 675 கிலோ. நம் நாட்டில் ஒரு யூனிட் கரண்ட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டின் ஒரு வருஷக் கணக்கே 2 டன்தான். அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகையைப் பார்த்துக் கோபப்படுகிறோம், நியாயம்தான். எல்ஈடி பல்பு மாட்டி, ஏசியை 24-ல் வைக்கிற வீட்டிலும் மாடியில் இந்தக் கசிவு நடக்கிறதே!

லீக்கைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்ற விடாதீர்கள். நைட்ரஜன் அடித்துப் பிரஷர் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வேக்கம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது, அப்புறம் எடை போட்டு கேஸ். கடல் உப்புக்காற்று அடிக்கும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் காயில் சீக்கிரம் அரிக்கும். கோடைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

வீடு மாற்றும்போது நட்டைக் கழற்றிப் புஸ்ஸென்று திறந்துவிடுகிறார்கள். கூடவே நில்லுங்கள். கேஸை அவுட்டோருக்குள் இழுத்து வால்வை அடைத்த பிறகே கழற்றணும். பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடும் முன் ரெக்கவரி மெஷின் வைத்துக் கேஸைச் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். “அதெல்லாம் எதுக்கு சார்” என்கிற மெக்கானிக்கை அப்படியே திருப்பி அனுப்புங்கள். என் தொழில்காரர்கள் என்மேல் கோபித்தாலும் பரவாயில்லை.